பதினெட்டாம் போருக்குப் பிறகு

மகாபாரதத்தில் போர் பத்தாவது பருவத்தோடு ஓய்ந்துவிடுகிறது. கதைக்கோ 18 பருவங்கள். துரியோதனன் தொடை பிளந்து விழுவது ஒன்பதாவதான சல்லிய பருவத்தில். அசுவத்தாமன் இரவில் பாசறைக்குள் புகுந்து உறங்குகிறவர்களை வெட்டித் தள்ளுவதும், அந்தச் சேதியைக் கேட்டுக்கொண்டே துரியோதனன் உயிர் விடுவதும் பத்தாவதான சௌப்திக பருவத்தில். அதன் பிறகும் எட்டுப் பருவங்கள் மிச்சமிருக்கின்றன. கணவனையும் பிள்ளையையும் களத்தில் தேடி அழும் பெண்கள், அம்புப் படுக்கையில் பீஷ்மர் சொல்லும் நீண்ட உபதேசம், தருமனின் அசுவமேதம், காட்டுத் தீயில் மாயும் முதியவர்கள், தமக்குள் அடித்துக்கொண்டு அழியும் யாதவர்கள், வடக்கு நோக்கி நடந்து ஒவ்வொருவராக விழும் பாண்டவர்கள் என்று அவை நீள்கின்றன. இந்த எட்டும் கதையின் உடம்பா, வாலா என்ற வழக்கு நெடுங்காலமாகத் தீரவில்லை. இது வெறும் ரசனைத் தகராறு அல்ல. அறம் வெல்லும் என்று நம்பிக் கதை கேட்டவருக்கு, வென்ற பிறகு என்ன என்று சொல்ல வேண்டிய கடமை கதைக்கு உண்டா என்பதுதான் கேள்வி.

தகராறின் மையம் கடைசிப் பருவமான சுவர்க்காரோகணம். அளவில் மிகச் சிறிய பருவங்களில் ஒன்று. உடலோடு சொர்க்கம் சேர்ந்த தருமன் அங்கே முதலில் காண்பது துரியோதனனை. சூரியனைப் போல் ஒளி வீச, தேவர்கள் சூழ, அவன் ஆசனத்தில் வீற்றிருக்கிறான். தருமனுக்குக் கோபம் வருகிறது. இவன் இருக்கும் உலகம் எனக்கு வேண்டாம் என்கிறான். சொர்க்கத்தில் பகை கிடையாது என்று நாரதர் புன்னகையோடு சமாதானம் சொல்கிறார். தம்பியர் எங்கே, கர்ணன் எங்கே, திரௌபதி எங்கே என்று கேட்டவனைத் தேவதூதன் ஒருவன் வேறு வழியில் அழைத்துப் போகிறான். இருட்டு; பிண வாடை; ஈயும் கொசுவும்; இரும்பு அலகு கொண்ட காக்கைகள்; கொதிக்கும் ஆறு. தாங்க முடியாமல் தருமன் திரும்புகிறான். அப்போது நாலாபக்கமும் குரல்கள் எழுகின்றன: போகாதே, நீ நின்றால் உன் மேல் பட்டு வரும் காற்றில் எங்கள் வேதனை தணிகிறது. யார் நீங்கள் என்று கேட்டால், கர்ணன், பீமன், அருச்சுனன், திரௌபதி என்று பதில் வருகிறது. தேவர்களையும் அறத்தையுமே பழித்துவிட்டு, நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்று தூதனை அனுப்பிவிடுகிறான் தருமன்.

அடுத்த கணம் இருட்டு விலகுகிறது. இந்திரனும் தருமதேவதையும் நிற்கிறார்கள். நீ கண்டது மாயை என்கிறார்கள். அரசனாக இருந்தவன் எவனும் நரகத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது; பாவம் மிகுந்தவன் முதலில் சொர்க்கத்தை அனுபவித்துப் பிறகு நரகம் போவான், புண்ணியம் மிகுந்தவன் முதலில் நரகத்தைப் பார்த்துவிட்டுச் சொர்க்கம் வருவான் என்று இந்திரன் கணக்குச் சொல்கிறான். துரோணரை வீழ்த்த அசுவத்தாமன் இறந்தான் என்று தருமன் சொன்ன அரைப் பொய்க்கு இந்த அரை நரகம் ஈடு. பிறகு ஆகாய கங்கையில் முழுகி மனித உடலைக் களைந்து அவன் தன் இனத்தாரோடு சேர்கிறான்.

இதில் மனம் ஒப்பாதவர்களின் முதல் புகார் துரியோதனனைப் பற்றியது. அரக்கு மாளிகையில் பாண்டவரை எரிக்கத் திட்டமிட்டவன், சபைக்குப் பெண்ணை இழுத்து வரச் சொன்னவன் சொர்க்கத்தில் இருக்கிறான் என்றால் எதற்காக இத்தனை பெரிய போர்? இந்திரன் சொல்லும் கணக்கின்படி பார்த்தால் பதில் எளிது. சொர்க்கம் அவனுக்கு முன்பணம். நரகம் பின்னால் வரும். ஆனால் பருவத்தின் கடைசியில், இவர்கள் எவ்வளவு காலம் அங்கே இருந்தார்கள், வினை தீர்ந்த பின் எந்த நிலையை அடைந்தார்கள் என்று ஜனமேஜயன் கேட்கும்போது வைசம்பாயனர் சொல்லும் பதில் வேறாக இருக்கிறது. ஒவ்வொருவரும் எந்த மூலத்திலிருந்து வந்தார்களோ அதில் கலந்தார்கள்; திருதராட்டிரனின் மக்கள் ஆயுதத்தால் தூய்மை பெற்றுச் சொர்க்கம் அடைந்தார்கள். இந்தப் பதிலில் தண்டனை என்ற பேச்சே இல்லை. ஒரே பருவத்துக்குள் இரண்டு நீதிகள்: ஒன்று வரவு செலவுக் கணக்கு, மற்றது நாடகம் முடிந்து வேடம் கலைவது. நூல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உரைகாரர்கள் எவ்வளவு முயன்றாலும் இந்த இரண்டையும் ஒன்றாகத் தைப்பது கடினம்.

இந்த முடிவு திடீரென்று ஒட்டவைத்ததும் அல்ல. சல்லிய பருவத்தில் தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன் கிருஷ்ணனைப் பார்த்துப் பேசும் இடம் ஒன்று உண்டு. கற்றேன், கொடுத்தேன், கடல் சூழ்ந்த பூமியை ஆண்டேன், பகைவர் தலைமேல் நின்றேன், அரச குலத்தவன் விரும்பும் சாவைச் சாகிறேன். என்னைவிட நல்ல முடிவு யாருக்கு, நீங்கள் துக்கத்தோடு இங்கே வாழப்போகிறீர்கள் என்று அவன் சொன்னதும் வானத்திலிருந்து பூ மழை பொழிகிறது, கந்தர்வர்கள் வாத்தியம் இசைக்கிறார்கள். பாண்டவர்கள் வெட்கிப்போகிறார்கள். நேர்வழியில் இவர்களை வென்றிருக்க முடியாது என்று கிருஷ்ணனே வாய்விட்டுச் சொல்கிறான். கடைசிப் பருவத்தைக் கண்டு அதிர்ச்சி அடைகிறவர் இந்தப் பூ மழையைக் கவனிக்காமல் கடந்தவராக இருக்க வேண்டும். களத்தில் வீழ்ந்த வீரன் சொர்க்கம் போவான் என்பது போருக்கு முன்பே எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. அந்த விதி நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை.

இரண்டாவது புகார் இதைவிடக் கூர்மையானது. நரகம் மாயை என்றால் தருமன் அங்கேயே இருப்பேன் என்றதற்கு என்ன மதிப்பு? தம்பியர் உண்மையில் வதைபடவில்லை. அவன் எதையும் இழக்கவில்லை. எல்லாம் ஒரு பரீட்சை, பரீட்சையில் தேறினான், பரிசு கிடைத்தது. கனவு கண்டு விழித்தான் என்று கதையை முடிக்கும் ஆசிரியரிடம் வாசகருக்கு வரும் எரிச்சல் இங்கேயும் வரத்தான் செய்யும். ஆனால் ஒரு செயலின் அறம், செய்கிறவன் அந்நேரத்தில் அறிந்ததைக் கொண்டுதான் எடைபோடப்படும். தருமனுக்கு அது மாயை என்று தெரியாது. நிரந்தரமாக அங்கே கிடக்க நேரும் என்று நம்பியே அவன் நின்றான். இன்னும் ஒன்று: அவன் அறத்தைப் பழித்தபோது கேட்டுக்கொண்டிருந்தது அவனுடைய தந்தையான தருமதேவதை. பழித்த மகனைத் தந்தை கண்டிக்கவில்லை, மெச்சுகிறார். அறத்தின் பெயரால் கிடைக்கும் பரிசு அறமாகத் தோன்றாதபோது அதை வேண்டாம் என்று சொல்ல மனிதனுக்கு உரிமை உண்டு என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் இடம் சமய நூல்களில் அரிது. மாயை என்ற சொல் இந்த இடத்தின் வலிமையைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது. முழுதும் அழித்துவிடவில்லை.

முடிவைக் கொண்டுதான் நூலின் பொருளை முடிவு செய்ய வேண்டும் என்று வாதிட்டவர் 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர். ‘தொன்யாலோகம்’ என்ற தம் நூலின் நான்காம் பகுதியில் அவர் மகாபாரதத்தை எடுத்துக்கொள்கிறார். யாதவரும் பாண்டவரும் துயரமாக முடிவதோடு வியாசர் நூலை முடித்திருப்பதால், இதன் முதன்மைச் சுவை சாந்தம், முதன்மைப் பயன் வீடுபேறு என்பது அவர் வாதம். போர்க்காட்சிகளின் வீரமும் சபைக் காட்சிகளின் கோபமும் அதற்குத் துணை மட்டுமே. வெற்றி கிடைத்த பின்னும் வெறுமைதான் மிஞ்சுகிறது என்று காட்டுவதற்காகவே கடைசிப் பருவங்கள் எழுதப்பட்டன என்று கொண்டால், அவற்றை வெட்டி எறிந்தவர் வெட்டியது வாலை அல்ல, தலையை. வாதம் அழகானது. ஆனால் நூலைப் படித்து முடித்தவருக்கு மட்டுமே இது பொருந்தும். மகாபாரதத்தைப் பெரும்பாலான இந்தியர் படித்து முடித்ததில்லை. கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டார்கள். கேட்பவருக்குக் கதை எந்த இரவில் நிற்கிறதோ அந்த இரவுதான் முடிவு.

தமிழ்நாட்டுச் சமய மரபில் சொர்க்கமே கடைசி ஊர் அல்ல என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். புண்ணியம் தீர்ந்தால் இந்திரனும் இறங்கி வர வேண்டியவன். ஆழ்வார்களும் நாயன்மார்களும் இந்திரப் பதவியை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஆகவே துரியோதனன் சொர்க்கத்தில் இருக்கிறான் என்பது பக்தி மரபில் ஊறியவரை அவ்வளவாக உறுத்துவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்பார். உறுத்துவது வேறொன்று. பொறாமைக்காரன் செழிப்பதும் செம்மையானவன் கெடுவதும் ஏன் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லும் குறள் ஒன்று உண்டு. அது எண்ணிப் பார்க்கச் சொல்கிறதே தவிரக் காரணம் சொல்வதில்லை. காரணம் சொல்ல முயன்ற இடங்களில் தமிழ்க் காப்பியமும் தடுமாறியிருக்கிறது. கோவலன் வெட்டுண்டதற்கு முற்பிறவியில் அவன் செய்த கொலையைக் காரணமாக மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்லும் பகுதியை, பாண்டியன் அவையில் அவள் கேட்ட நீதிக்கு ஈடான பதிலாக ஏற்றுக்கொண்ட வாசகர் குறைவு.

கதையை எங்கே முடிப்பது என்ற இந்த வழக்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மூன்று மொழிகளில் நடக்கிறது. பாரூர் ஏரிக்கரையில் தொடங்கி ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லையைத் தொடும் 100 கிலோமீட்டருக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாரதம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிவு. தெலுங்கில் நன்னயா, திக்கனா, எர்ரனா ஆகிய மூவரும் 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை 18 பருவங்களையும் முடித்தார்கள். விராட பருவம் தொடங்கிக் கடைசி வரை பாடியவர் திக்கனா. ஆகவே தெலுங்குக் கவிதையில் தருமன் நரகம் வரை போய் வருகிறான்.

கன்னடத்தில் நிலைமை வேறு. 10ஆம் நூற்றாண்டின் பம்பன் தன்னை ஆதரித்த அரிகேசரியை அருச்சுனனாக வைத்துப் பாடியதால், அவனுடைய பாரதத்தில் முடிசூடுபவன் தருமன் அல்ல, அருச்சுனன். பக்கத்தில் அரசியாக அமர்பவள் சுபத்திரை. புரவலருக்காக முடிவு மாறியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதே நூற்றாண்டில் ரன்னன் எழுதிய ‘கதாயுத்தம்’ பீமனைப் புகழ எழுந்த நூல். படித்து முடித்தவர் மனத்தில் நிற்பதோ துரியோதனன். 15ஆம் நூற்றாண்டின் குமாரவியாசன் முதல் பத்துப் பருவங்களை மட்டும் பாடி நிறுத்தினான்.

தமிழிலும் பத்துதான். வில்லிபுத்தூராரின் பாரதம் 4,300க்கும் மேற்பட்ட பாடல்களில் சௌப்திக பருவத்தோடு நிறைவுறுகிறது. குமாரவியாசனும் வில்லியும் ஏன் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. இருவரும் கண்ணன் மீது பக்தி கொண்டவர்கள் என்பது அவற்றுள் கவனிக்கத்தக்கது: பத்தாவது பருவத்தைத் தாண்டிப் போனால் காந்தாரியின் சாபத்தையும், அதன்படி வேடன் ஒருவனின் அம்பில் கண்ணன் மறைவதையும் பாட வேண்டியிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வில்லியின் பாடல்களையும் சேர்த்துக்கொண்டு 14,000க்கு நெருங்கிய பாடல்களில் 18 பருவங்களையும் முடித்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ம.வீ. இராமானுஜாசாரியார் கும்பகோணத்திலிருந்து வெளியிட்ட பெரிய உரைநடை மொழிபெயர்ப்பில் எல்லாம் இருக்கிறது. இருந்தும் தமிழர் வாயில் பாரதம் என்றால் வில்லி பாரதம்தான். மேடையும் அதையே ஒட்டி நின்றது.

பாரூர் பக்கம் அந்த மேடை கூத்து மேடை. தென்பெண்ணை நீரை நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வாங்கிக்கொள்ளும் பாரூர் ஏரியின் பாசனத்தில் அறுவடை முடிந்து வேலை குறையும் கோடையில், சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறும். காப்புக் கட்டியது முதல் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பதினெட்டு நாள் கணக்குப் பல ஊர்களில் கூடவும் குறையவும் செய்யும். வில்வளைப்பு, சூதுத் துகில், அருச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுகள் கழிந்து, கடைசி இரவு, போரின் கடைசி நாளைக் காட்டும் பதினெட்டாம் போர். ஓசூரிலும் பெங்களூரிலும் ஷிப்டு வேலையில் இருக்கும் பிள்ளைகள் எல்லா இரவுக்கும் வர முடியாது. இந்தக் கடைசி இரவுக்கும் மறுநாள் தீமிதிக்கும் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.

பதினெட்டாம் போர் விடிந்த பிறகு மேடையை விட்டு இறங்கிக் கோயில் வெளிக்கு வரும். அங்கே படுகளம் போட்டிருக்கும். மண்ணைக் குழைத்து, ஓர் ஆளைவிடப் பல மடங்கு நீளத்துக்குத் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். கைகால் விரித்து, கிரீடம் வைத்து, கண் விழித்து, மீசை முறுக்கி, உடம்பெங்கும் வண்ணம் பூசியிருப்பார்கள். தொடைக்குள் சிவப்பு நீர் நிறைந்த சட்டி புதைந்திருக்கும். பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இரவெல்லாம் ஆடிய களைப்பில் அரிதாரம் வழிந்து, குரல் கம்மிப் போயிருக்கும். பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கியதும் சட்டி உடைந்து சிவப்பு பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதியின் விரிந்த கூந்தலில் தடவி முடிப்பார்கள். சபதம் முடிந்தது.

முடிந்த அந்த இடத்தில்தான் ஒப்பாரி தொடங்கும். துரியோதனனைப் பெற்றவள் வேடத்தில் வருகிறவர் மண்ணுடம்பின் மேல் விழுந்து அழுவார். மகனே என்று அவர் இழுத்துப் பாடும்போது சுற்றி நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது நடிப்பு அல்ல. சற்று முன்புதான் அவன் சாக வேண்டும் என்று குலவை இட்டவர்களும் அவர்களில் உண்டு. கலைந்து போகும்போது அந்த உருவத்தின் மண்ணை ஆளுக்கொரு பிடி எடுத்துப் போய் வீட்டிலும் வயலிலும் வைப்பார்கள். நல்லது என்பது நம்பிக்கை. கெட்டவனின் உடம்பு விளைச்சலைக் காக்கும் பொருளாகிவிடுகிறது. மாலையில் தீமிதி. அதன் பிறகு தருமர் பட்டாபிஷேகம். செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து இந்த வழிபாட்டை ஆராய்ந்து 1988லும் 1991லும் இரண்டு தொகுதிகளை வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், நூலின் பாரதத்தை விளங்கிக்கொள்ளக் கோயில் பாரதத்தைப் பார்க்க வேண்டும் என்ற கருத்துடையவராக இருந்தார்.

பட்டாபிஷேகத்தோடு நிற்கும் பாரதத்தைக் குழந்தைக்குச் சொல்லும் கதை என்று ஒதுக்குவது படித்தவர் செய்யும் பிழை. வியாசர் எட்டுப் பருவம் தள்ளிக் கேட்ட கேள்வியைக் கூத்து அதே காலையில், அதே களத்தில் கேட்டுவிடுகிறது. வென்றவன் முடிசூடுவதற்கு முன் தோற்றவனுக்காக ஊர் அழுது தீர்க்க வேண்டும் என்பது அதன் வரிசை. துரியோதனன் சொர்க்கம் போனானா இல்லையா என்று யாரும் விளக்குவதில்லை. அவனுக்காக அழ ஆள் உண்டு என்று காட்டுவதோடு சரி. சொர்க்கத்தில் பகை இல்லை என்று நாரதர் சொல்லித் தருமன் நம்ப மறுத்த செய்தியை, மண்ணுடம்பின் பக்கத்தில் நிற்கும் கூட்டம் யாரும் சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. தத்துவத்தில் விடை காண முடியாத ஒன்றைச் சடங்கில் கடந்துவிடும் வழி இது. விடை கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துப் பொருவழி மலநடையில் துரியோதனனுக்குக் கோயிலே இருக்கிறது; அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள். பெங்களூரு தர்மராயசுவாமி கோயிலில் திகளர் சமூகத்தார் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடத்தும் கரகத் திருவிழாவின் கதை, பாண்டவர் வடக்கே நடக்கும் அந்தக் கடைசிப் பயணத்தில் தொடங்குகிறது. வியாசரில் முதலில் விழுபவள் திரௌபதி. அருச்சுனன் மேல் கூடுதல் பற்று வைத்தாள் என்ற ஒரு வரிக் காரணத்தோடு தருமன் திரும்பிப் பாராமல் நடந்துவிடுகிறான். நூல் முழுவதிலும் வாசகரை அதிகம் கோபப்படுத்தும் இடம் ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும். கரகக் கதையில் விழுந்த திரௌபதி சாவதில்லை. திமிராசுரன் எதிர்ப்பட, தன் உடம்பிலிருந்து வீரகுமாரர்களைத் தோற்றுவித்து அவனை அழிக்கிறாள். பிரிய மனமில்லாத வீரகுமாரர்களுக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கிறாள். அந்த வாக்கின்படி அவள் வரும் இரவே கரகம். ஊர்வலம் வழியில் மஸ்தான் சாயபு தர்காவில் நின்று போவதும் வழக்கம். ஓசூரை அடுத்த ஆனேக்கல் வரை இந்தத் திருவிழா பரவியிருக்கிறது. நூல் கைவிட்ட பெண்ணுக்கு மக்கள் வேறு முடிவு எழுதி, அதை ஆண்டுக்கொரு முறை நடத்தியும் காட்டுகிறார்கள்.

இராமாயணத்தில் இதே வழக்கு இன்னும் கசப்பானது. கம்பன் முடிசூட்டோடு நிறுத்தினான். கருவுற்ற சீதையைக் காட்டில் விடுவதும், அவள் மண்ணுக்குள் போவதும் வரும் உத்தரகாண்டம் தமிழில் ஒட்டக்கூத்தர் பெயரில் தனியாக நிற்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ‘கல்கி’ இதழில் தொடராக எழுதிய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலில் உத்தரகாண்டத்தைச் சொல்லவில்லை. அந்தப் பகுதியைத் தம் மனம் ஏற்கவில்லை என்றும், நம் பெண்கள் வாய்விடாமல் பட்ட துயரமே அந்தக் கதையாக உருவெடுத்திருக்க வேண்டும் என்றும் முடிவுரையில் கருத்துத் தெரிவித்தார். விலக்கிய முடிவுக்கு விலக்கியவரே இவ்வளவு மரியாதை செய்தது வியப்புக்குரியது. மனம் ஒப்பவில்லை என்பதும் பொய்யில்லை என்பதும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்கலாம்.

ராஜாஜி அமைதியாகத் தீர்த்துக்கொண்டதைத் தொலைக்காட்சியால் தீர்க்க முடியவில்லை. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் 78 பகுதிகளாக ஓடி, முடிசூட்டோடு முடிந்தது. சீதை தீக்குளிக்கும் இடத்தைக்கூட, எரிந்தது நிழல் சீதை என்ற துளசிதாசரின் வழியில் சாகர் மென்மையாக்கியிருந்தார். உத்தரகாண்டம் வேண்டும் என்று பஞ்சாபில் ஜலந்தர் முதலிய இடங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை தேங்கி நோய் பரவும் அச்சம் எழுந்தது. அரசு இறங்கி வந்தது. உத்தரகாண்டக் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டு 1988 அக்டோபர் முதல் ஒளிபரப்பானது.

வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் வால்மீகியைத் தம் முன்னோராகவும் குருவாகவும் வணங்கும் சமூகத்தினர். உத்தரகாண்டத்தில்தான் வால்மீகி கதையில் பெரும் பங்கு பெறுகிறார்: அரசன் துரத்திய பெண்ணுக்கு அடைக்கலம் தருகிறார், அவள் பிள்ளைகளுக்குக் கல்வி தருகிறார். முடிசூட்டோடு நிறுத்தினால் அவர்களுடைய குரு கதையில் தம் பங்கை ஆற்றும் முன்பே கதவு சாத்தப்படுகிறது. ஒருவருக்கு மன நிறைவாக இருக்கும் முடிவு மற்றவருக்குப் புறக்கணிப்பாக இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அண்மை வரலாற்றில் இல்லை. அந்த வேலைநிறுத்தத்தை அப்போது சிரிப்புச் செய்தியாகப் பார்த்தவர்கள் உண்டு. கதைக்குள் தமக்கு ஓர் இடம் என்று கேட்பது சிரிப்புக்குரிய கோரிக்கை அல்ல.

மேற்கிலும் கிட்டத்தட்ட இதே காட்சி 2019 மே 19இல் அரங்கேறியது. எட்டுப் பருவங்கள் ஓடிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசிப் பகுதி அன்று வெளியானது. அடிமைகளை விடுவித்த அரசி, சரணடைந்த நகரத்தை எரிக்கிறாள். காதலன் கையால் சாகிறாள். யாரும் எதிர்பாராத பிள்ளை அரசனாகிறான். கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் மூல நாவல் வரிசை 2011இல் வந்த ஐந்தாம் புத்தகத்தோடு நிற்கிறது என்பதால், மூலத்தில் என்ன இருக்கிறது என்று காட்டி வாயடைக்கவும் வழியில்லை. அரசி மாறியது நியாயமா, அவசரமா என்று நடந்த சண்டையின் அடியில் இருந்தது பழைய கேள்விதான்: கடைசியில் செய்தது முன்பு செய்ததன் பொருளை மாற்றிவிடுமா? ஆனந்தவர்த்தனர் ஆம் என்றிருப்பார். தொடை முறிந்து கிடந்த துரியோதனனின் பேச்சு இல்லை என்கிறது: அவன் தன் வாழ்க்கையை எடைபோட்டது கடைசி மணி நேரத்தைக் கொண்டு அல்ல, கற்றதையும் கொடுத்ததையும் ஆண்டதையும் கொண்டு.

இந்தியத் தொடர்கள் அந்த ஆபத்தை விலைக்கு வாங்குவதில்லை. பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகள் ஓடி, பீஷ்மரின் மறைவோடு விடைபெற்றது. 2013-14இல் விஜய் தொலைக்காட்சியில் தமிழ் பேசிய 267 பகுதித் தொடரும் முடிசூட்டைத் தாண்டவில்லை. யாதவர் அழிவும் நாயோடு நடக்கும் தருமனும் நரகமும் விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே பொருந்தாது என்று தயாரிப்பாளர்கள் எண்ணியிருந்தால் வியப்பில்லை. ஆனால் கூத்தில் இருக்கும் ஒப்பாரியும் இல்லாமல், நூலில் இருக்கும் நரகமும் இல்லாமல் வரும் முடிசூட்டு, மூன்றிலும் மெலிந்த முடிவு. அதில் வென்றவர்களுக்குச் செலவே இல்லை.

2020இல் ஊரடங்கு வந்தபோது தூர்தர்ஷன் இரண்டு பழைய தொடர்களையும் மறுபடி போட்டது. மார்ச் 28இல் தொடங்கிய ‘ராமாயண்’ ஏப்ரல் 18இல் முடிய, மறுநாளே உத்தரகாண்டத் தொடர் ஆரம்பித்தது. வேலைநிறுத்தம் செய்து வாங்கிய பகுதி, புதிதாகப் பார்த்தவர்களுக்கு அடுத்த பகுதியாக மட்டுமே தெரிந்தது. சோப்ராவின் தொடர் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. அந்தக் கோடையில் தமிழ்நாட்டுக் கோயில்களில் திருவிழா கிடையாது. பாரூர் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களிலும் கொடி ஏறவில்லை, படுகளம் போடவில்லை. அந்த ஆண்டு அந்த ஊர்களில் துரியோதனன் அழுவாரின்றிச் செத்தான்.